விரிசல் கண்ட வீணைக்கு அவசரப் பசை வேண்டாம்

திருவனந்தபுரத்தில் வீணையோ வயலினோ தம்புராவோ கிட்டாரோ வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு,



இன்னும் சில வாரங்களில் நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி பவனியாக வந்து கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள்வாள். நம் வீடுகளிலும் பூஜை வைப்புக்காக வாத்தியங்கள் வெளியே வரும். அலமாரி மேலும் கட்டிலுக்கு அடியிலும் மாதக்கணக்கில் கிடந்தவற்றை உறை கழற்றித் துடைக்கும்போதுதான் பலர் கண்ணில் அந்தக் கோடு படுகிறது. வீணையின் குடத்தில், குதிரைக்குப் பக்கத்தில், மயிரிழை போல் ஒரு கோடு. நகத்தால் வருடினால் இடறும். உடனே யாராவது ஒருவர் முக்குக் கடைக்குப் போய் அவசரப் பசை டியூப் ஒன்றை வாங்கி வருவார். கோட்டின் மேல் நாலு சொட்டு. அரை நிமிடத்தில் இறுகிவிடும். விஜயதசமிக்குள் வேலை முடிந்தது என்று வீடே நிம்மதி அடையும்.

அந்த டியூபைத் திறக்கும் முன் நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த ஊரில் மர வாத்தியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் வாத்தியங்களில் என்னை அதிகம் வருத்துபவை பெரிய விரிசல் கண்டவை அல்ல, வீட்டிலேயே ஒட்டப்பட்டவை. மர வாத்தியத்தில் வரும் விரிசல்களில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். மரம் வெடித்த பிறகு நாம் அவசரப்பட்டுச் செய்யும் காரியம்தான் அதைச் சரிசெய்ய முடியாததாக ஆக்குகிறது.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வாத்தியம் இருப்பதற்கு நீண்ட பின்னணி உண்டு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். 1939-இல் இங்கே தொடங்கிய மியூசிக் அகாடமிதான் பின்னாளில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி ஆனது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் முதல்வர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். வீணை வித்வான் கே.எஸ். நாராயணசாமி அங்கே கற்பித்து, முதல்வராகவும் இருந்தார். திருவனந்தபுரம் ஆர். வெங்கடராமன் ஊர்ப் பெயரோடு வீணையைப் பல மேடைகளுக்குக் கொண்டுபோனார். இவர்களிடமும் இவர்களுடைய மாணவர்களிடமும் கற்றவர்களின் வீடுகளில், கோட்டையிலும் கரமனையிலும் வலியசாலையிலும், பாட்டி வாசித்த வீணை இன்றும் இருக்கிறது. கல்யாணத்தோடு தஞ்சாவூரிலிருந்து வந்தவை சில. உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்தவை சில. இவற்றில் பலவற்றைப் போல இன்னொன்று செய்ய இன்று மரமும் கிடைக்காது, கையும் கிடைக்காது. அதனால் இருப்பதைக் காப்பாற்றுவது பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மரம் ஏன் வெடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் பாதி வேலை நடக்காமலே தவிர்க்கலாம்.

வெட்டி, அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதுதான் சிக்கல். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் சுருக்கம். அதிலும் நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. ஒரே பலகை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கும்போது, நார்களுக்கு இடையே பிடிப்பு விட்டு, நாரின் போக்கிலேயே வெடிக்கிறது. உங்கள் வாத்தியத்திலுள்ள விரிசலைப் பாருங்கள், அநேகமாக ரேகையோடுதான் ஓடும். குறுக்காக ஓடினால் அது கீழே விழுந்தோ எதிலோ மோதியோ வந்த அடி.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதியில் தொடங்கும் மழை, இடையில் கொஞ்சம் ஓய்ந்து, துலாவர்ஷமாகத் திரும்பி வருகிறது. மழைக்கால விடியற்காலைகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுவது இங்கே சாதாரணம். ஈரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் மரம் அதோடு இசைந்து போகும். முன்பெல்லாம் ஓட்டு வீட்டில், ஜன்னல் திறந்த அறையில், வீணை அப்படித்தான் இருந்தது. இப்போது ஏசி அறையில் இரவு முழுக்க உலர்ந்த காற்று; காலையில் கதவைத் திறந்தால் மழைக் காற்று. ஒரே நாளில் மரம் இரண்டு பருவங்களைக் கடக்கிறது. ஏசி காற்று நேரே படும் இடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் கிட்டார்களும், அந்தச் சுவரோரம் சாத்திய தம்புராக்களும் வெடிப்பது இதனால்தான். டெல்லிக் குளிருக்கோ வளைகுடா வெயிலுக்கோ போய்த் திரும்பும் வாத்தியங்களின் கதையும் இதே.

வீணையை எடுத்துக்கொள்வோம். பலாமரம். கேரளம் 2018-இல் பலாப்பழத்தை மாநிலப் பழமாக அறிவித்தது. ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பே இங்குள்ள ஆசாரிகள் பலாவின் வைரப் பகுதியை நம்பி வந்திருக்கிறார்கள். கனம் குறைவு, நாதம் நிறைவு, கறையான் எளிதில் அண்டாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். அந்த மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. வீணையில் இரண்டு வகை. குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்தில் பிரிவதற்கு ஒட்டு இல்லை. ஆனால் மரம் வெடித்தால் ரேகையைப் பிடித்துக்கொண்டு குடத்தில் நெடுந்தூரம் ஓடும். ஒட்டு வீணையில் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் குடமும் தண்டியும் சேரும் இடம். வாசிப்புத் தந்தி நாலும் தாளத் தந்தி மூன்றுமாக ஏழு தந்திகளின் இழுவை ராப்பகலாக அந்த மூட்டை மடக்கப் பார்க்கிறது. மழைக்கால ஈரத்தில் பசை இளகும்போது மூட்டு ஒரு நூல் அளவு அசைகிறது. அந்த அசைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரியும். சுருதி நிற்காது. குறிப்பிட்ட ஒரு மெட்டில் மட்டும் கரகரக்கும். மெட்டுகளைப் பதித்த மெழுகுதான் இளகிவிட்டது என்று எண்ணி, மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதிக்கச் சொல்வார்கள். மேளம் கட்டியும் கரகரப்பு போகவில்லையென்றால் மூட்டையும் குடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு வீணையைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். யார் வீட்டு வீணை என்பது வேண்டாம். தந்திகளின் முனையைப் பூட்டும் நாகபாசத்துக்குப் பக்கத்தில் குடத்தின் விளிம்பில் தொடங்கி, ரேகையோடு கீழே இறங்கிய விரிசல். வேனல் காலத்தில், மரம் நன்றாகச் சுருங்கி விரிசல் வாய் திறந்திருந்தபோது, யாரோ மரத்தூளை நிரப்பி அதன் மேல் அவசரப் பசையை ஊற்றியிருக்கிறார்கள். பசை தூளோடு சேர்ந்து கண்ணாடி போல் இறுகிவிட்டது. பிறகு மழை வந்தது. மரம் உப்பியது. திறந்த வாய் மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் இந்தக் கெட்டிப் பொருள் ஆப்பு அடித்தது போல் நின்றது. போக இடமில்லாத மரம் அந்த இறுக்கத்தில் நசுங்கியது. அடுத்த வேனலில் முன்னைவிட அதிகமாகச் சுருங்கி, பழைய விரிசலுக்கு ஒரு விரல் தள்ளி, இதுவரை முழுசாக இருந்த மரத்தில், புதிதாக ஒன்று வெடித்தது. ஒரு விரிசல் இரண்டாயிற்று. முதலாவதைச் சரிசெய்ய வேண்டுமானால் இறுகிய பசையை மரத்தோடு சேர்த்துச் செதுக்கி எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பசை நார்களுக்குள் இறங்கிவிட்டால் அதன் மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது. வெந்நீருக்கு அது இளகுவதில்லை. அதைக் கரைக்கும் திரவம் பாலிஷையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

இத்தகைய அகலமான வெடிப்புக்கு முறையான வைத்தியம் மரத்தை மரத்தால் அடைப்பது. விரிசலின் இரு உதடுகளையும் கூர்மையான உளியால் சுத்தமாகச் சீவி, அதே பலாமரத்தில் மெல்லிய சீவலை எடுத்து, ரேகை ரேகையோடு பொருந்தும்படி வைத்து ஒட்ட வேண்டும். வைத்த மரமும் வாத்தியத்தோடு சேர்ந்து உப்பும், சேர்ந்து சுருங்கும். இதற்குப் பழைய பலாதான் உகந்தது. புதுப் பலா மஞ்சளாக இருக்கும், இன்னும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவுச் சட்டமும் கழுக்கோலும் பல பருவங்களில் உலர்ந்து, நிறமும் தவிட்டுச் சிவப்பாகி, வீணையோடு ஒத்துப்போகும். உங்கள் தரவாட்டை இடிக்கும்போது பலாத் துண்டுகளை விறகுக்குப் போடாமல் ஒரு வாத்திய ஆசாரிக்குக் கொடுத்தால் அது பெரிய உதவி.

வயலினின் கதை கொஞ்சம் வேறு. மேற்பலகை ஸ்ப்ரூஸ், அடிப்பலகை மேப்பிள். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். மேற்பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் தந்திகளின் மொத்த இழுவை 20 கிலோவைத் தாண்டும். இவ்வளவு மெல்லிய பலகை இந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு உள்ளே இரண்டு துணைகள்: இடப்பக்கம் நீளவாக்கில் ஒட்டிய பாஸ் பார், குதிரையின் வலக்காலுக்கு அருகே மேலும் கீழும் முட்டி நிற்கும் சவுண்ட் போஸ்ட் எனும் சிறு குச்சி. இந்த இரண்டுக்கும் நேர் மேலே வரும் விரிசல்தான் ஆபத்தானது. அதைக் கண்டால் அன்றைக்கே தந்திகளைத் தளர்த்திவிட்டு பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். மற்ற இடத்து விரிசல் ஓரிரு வாரம் பொறுக்கும்.

விரிசலே அல்லாத ஒன்றையும் பலர் விரிசல் என்று பயந்துபோய்க் கொண்டுவருகிறார்கள். மேற்பலகையும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில் பசை விட்டுப் போயிருக்கும். இது வயலின் செய்தவர்கள் வேண்டுமென்றே விட்ட வழி. அந்த ஓரத்தைச் சற்றே வலுக்குறைந்த பசையால் ஒட்டுவது அவர்கள் வழக்கம். மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை பிளப்பதற்குப் பதில் ஓரம் விட்டுக்கொடுக்கட்டும் என்பது கணக்கு. அந்த ஓரத்தை மீண்டும் ஒட்டுவது சிறு வேலை. அதையே நீங்கள் வீட்டில் இறுக்கமான பசையால் ஒட்டிவிட்டால், அடுத்த முறை மரம் சுருங்கும்போது விட்டுக்கொடுக்க ஓரம் இல்லை, நடுப்பலகை பிளக்கும்.

மேற்பலகையின் எஃப் துளையின் கீழ்முனையிலிருந்து விளிம்பு வரை ஓடும் விரிசல் மாணவர்களின் வயலின்களில் அடிக்கடி வருவது. அதை எப்படி மூடுகிறோம் என்பதைச் சொல்கிறேன். முதலில் தந்திகளையும் குதிரையையும் எடுத்துவிட்டு, விரலால் இருபுறமும் மெல்ல அழுத்தி, விரிசல் எது வரை ஓடியிருக்கிறது என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். பிறகு மெல்லிய தூரிகையால் உள்ளே படிந்த அழுக்கைக் கழுவி எடுப்போம். இந்தக் கட்டம்தான் அதிக நேரம் எடுக்கும். அழுக்கு போன விரிசல், பசையே இல்லாமல் அழுத்தினாலும் கோடு தெரியாமல் மூட வேண்டும். மூடவில்லை என்றால் இன்னும் ஏதோ உள்ளே இருக்கிறது. பசையை எடுக்கக் கூடாது. சரியாக மூடிய பிறகு சூடான வஜ்ரப் பசையை விரிசலின் மேல் வைத்து, பலகையை அடியிலிருந்து மிக லேசாக மேலே தள்ளித் தள்ளி விடுவோம். ஒவ்வொரு தள்ளலுக்கும் விரிசல் பசையை உறிஞ்சிக்கொள்ளும். மறுபக்கம் பசை எட்டிப்பார்த்ததும், வெந்நீரில் நனைத்த துணியால் மேலே இருப்பதைத் துடைத்து, மென்மையான கட்டைகள் வைத்துக் கிளாம்ப் போடுவோம். இறுக்குவதில்லை, உதடுகள் சேர்ந்து நிற்கும் அளவுக்குத்தான். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். நீண்ட விரிசலாக இருந்தால் மேற்பலகையைக் கழற்றி, உள்பக்கம் ஸ்ப்ரூஸில் செய்த சின்னச் சாய்சதுரத் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்காக ஒட்டி, ஓரங்களைச் சீவி மெல்லியதாக்குவோம். இவ்வளவும் செய்த வயலினை வெளியிலிருந்து பார்த்தால் எங்கே ஒட்டினோம் என்று தேடத்தான் வேண்டும்.

வஜ்ரம் என்று சொன்னேன். நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய பசை அது. மாட்டின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்து, வில்லையாகவும் குருணையாகவும் விற்பார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில் இளக்க வேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். ஆறும்போது அது தானும் சுருங்கி மரத்தை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். உலர்ந்தபின் கெட்டியாக நிற்பதால் நாதத்தை மந்தமாக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், சூடும் ஈரமும் கொடுத்தால் மறுபடி இளகி விட்டுக்கொடுக்கும். நூறு ஆண்டு கழித்து ஒருவர் அந்த வாத்தியத்தைத் திறக்க நினைத்தால் மரத்துக்குச் சேதமில்லாமல் திறக்கலாம்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்களைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் நியாயமானவை. பூஜையில் வைக்கும் வீணைக்கு மாட்டுத் தோல் பசையா என்று சில வீடுகளில் தயங்குவார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் வாசிக்கும் மிருதங்கத்தின் முகமே தோல்தான் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். அவர்கள் இன்னும் வேண்டாம் என்றால், தச்சர்கள் இன்று எங்கும் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் குறைந்த அளவில், அழுத்தம் அதிகம் வராத இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம். அவசரப் பசையைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது ஆட்சேபம் ஆசாரிகளுடையது: நம் மழையில் வஜ்ரம் இளகும், பூஞ்சை பிடிக்கும். உண்மைதான். குடமும் தண்டியும் சேரும் மூட்டைப் பசையை மட்டும் நம்பி விடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். அங்கே இரு மரமும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியிருக்க வேண்டும், தேவையானால் மரமுளை தாங்க வேண்டும். பொருத்தம் சரியில்லாத மூட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது. எந்தப் பசையானாலும் எனக்கு நெறி ஒன்றுதான்: இன்று நான் ஒட்டியதை நாளை வேறொருவர் பிரிக்க முடிய வேண்டும்.

உலகம் கொண்டாடும் பழைய வயலின்கள் பிழைத்ததே இந்த நெறியால்தான். இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் அநேகமாக எல்லாவற்றையும் பிற்காலத்தில் திறந்து, கழுத்தை மாற்றி, பாஸ் பாரைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பெரிய அரங்குகளில் உரத்த நாதம் தேவைப்பட்ட காலம் அது. திறந்து மூடக்கூடிய பசையால் ஒட்டியிருந்ததால்தான் அது முடிந்தது. அவற்றில் விரிசல் ஒட்டப்படாதவை அபூர்வம். லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் செல்லோ ஒன்று ஸ்ட்ராடிவாரி 1684-இல் செய்தது. 2004 ஏப்ரலில் அது ஒரு வீட்டு வாசலிலிருந்து திருடுபோனது. தெருவில் குப்பைத் தொட்டியருகே கிடந்ததை ஒரு செவிலியர் எடுத்துச் சென்றார். அதை இசைத்தட்டு அடுக்கும் அலமாரியாக மாற்றலாமா என்று அவர் வீட்டில் யோசித்தது வரை போனது. பிறகு செய்தியில் பார்த்து அடையாளம் கண்டு திருப்பிக் கொடுத்தார்கள். உடலில் விரிசல்கள் இருந்தன. முறையாகப் பழுது பார்த்தபின் அது மீண்டும் இசைக்குழுவுக்கு வாசித்தது. முந்நூறு ஆண்டைத் தாண்டிய வாத்தியத்துக்கு முடிந்தது உங்கள் பாட்டியின் வீணைக்கும் முடியும்.

எல்லா வாத்தியத்தையும் சரிசெய்தே ஆக வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஒட்டுப்பலகையில் செய்த மலிவு விலை வயலினுக்கும் கிட்டாருக்கும் நல்ல பழுதுவேலையின் கூலி, வாத்தியத்தின் விலையைத் தாண்டிவிடும். அதை நேர்மையாகச் சொல்லிவிடுவது எங்கள் கடமை. குழந்தை கற்கும் வரை அது போதும். பிறகு நல்லது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முழுப் பலகையில் செய்த பழைய கிட்டார், பலாவில் குடைந்த தம்புரா, ஏகாண்ட வீணை இவற்றைக் கைவிடும் முன் விஷயம் தெரிந்த ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள்.

இனி நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை.

பூஜையன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் நேரே மரத்தில் பூச வேண்டாம். விரிசலுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்துவிட்டால் அதைக் கழுவி எடுப்பது பசையை எடுப்பதற்கு நிகரான வேலை. பொட்டை உறைத் துணியிலோ, வாத்தியத்தில் கட்டிய பூச்சரத்திலோ வையுங்கள். தேவிக்குக் குறை வராது. வீணை வாசிப்பவர்கள் இடக்கை விரலில் தடவும் தேங்காயெண்ணெயை வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது.

வாத்தியத்தை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மழையில் அந்தச் சுவர் ஈரம் கக்கும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் உள்ளேயே பூஞ்சை பூக்கும். பருத்தித் துணி உறையே போதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. 45 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் நல்லது. நம் ஊரில் அது முடியாத நாட்களில், ஏற்ற இறக்கம் திடீரென்று வராமல் பார்த்துக்கொண்டாலே போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் சூட்டில் வஜ்ரமும் இளகும், வீணையின் மெழுகும் இளகும், 24 மெட்டுகளும் இடம் மாறும்.

ரயிலிலோ விமானத்திலோ வீணையைக் கொண்டு போகும்போது தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். யாளி முகமும் குடத்து மூட்டும்தான் அடிபடும் இடங்கள்; அங்கே தடித்த துணியைச் சுற்றுங்கள். வயலினின் தந்திகளை மட்டும் முழுவதும் தளர்த்திவிடாதீர்கள், உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும்.

எங்காவது மரம் சிதறியிருந்தால் சிராய்த் துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எவ்வளவு சிறிய சில்லானாலும் அந்த இடத்தில் பொருந்தக்கூடிய மரம் உலகத்தில் அது ஒன்றுதான். விரிசலின் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது பாலிஷைப் பிய்த்துக்கொண்டு வரும். எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பதற்காக அழுத்தி அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது கொஞ்சம் நீளும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன பசை போடப் போகிறீர்கள்? பிற்காலத்தில் அதைப் பிரிக்க முடியுமா? எதைச் செதுக்கி எடுக்கப் போகிறீர்கள்? வேலை தெரிந்தவர் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வேலை முடிந்ததும் தேதி, விரிசலின் இடம், போட்ட பசை, வைத்த மரம் இவற்றை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வாத்தியப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் பேரனிடம் வாத்தியம் போகும்போது அந்தச் சீட்டும் போக வேண்டும். அதைக் கையில் எடுக்கும் அடுத்த ஆசாரிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம்தானே என்று பேரம் பேசுகிறார்கள். ஒட்டுவது ஐந்து நிமிடம்தான். கழுவுவதும், மரத்தைப் பழகவிடுவதும், பொருத்திப் பார்ப்பதும், உலரவிடுவதும் சேர்ந்து பல நாட்கள். இந்தத் தொழிலில் பிள்ளைகளைக் கொண்டுவர எந்த ஆசாரியும் இன்று முன்வருவதில்லை. வருமானம் இல்லை என்பதுதான் காரணம். நூற்றுக்கணக்கில் மாணவர்கள் பாட்டும் வாத்தியமும் பயிலும் இந்த நகரத்தில், வாத்தியத்தைச் செப்பனிடக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இசைக் கல்லூரியிலும் சபாக்களிலும் வாய்ப்பும் செல்வாக்கும் உள்ளவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். வீணை வகுப்பும் வயலின் வகுப்பும் நடக்கும் இடங்களில், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓர் ஆசாரியை வரவழைத்து மாணவர்கள் முன்னால் வாத்தியத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேளம் கட்டுவதையும் மூட்டைச் சோதிப்பதையும் மாணவர் பார்த்துக் கற்கட்டும். தன் வாத்தியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த மாணவர் அதைக் கைதவறிப் போடமாட்டார். அவர்களில் ஒருவருக்கு உளியைப் பிடிக்கும் ஆசை வந்தாலும் இந்த ஊருக்கு லாபம்தான்.

நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே உங்கள் வாத்தியத்தை உறையிலிருந்து எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் வைத்து, குடத்தையும் மூட்டையும் மேற்பலகையையும் நிதானமாகப் பாருங்கள். விரலின் கணுவால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். எங்காவது ஓசை கரகரத்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிசல் இருந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, துணியால் மூடி, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். பூஜைக்கு முன் வேலை முடியாது என்று அவர் சொன்னால் கோபப்படாமல், விரிசலோடேயே பூஜையில் வையுங்கள். பூஜை முடிந்த பிறகு சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளலாம். பசை டியூபை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
திருவனந்தபுரத்திலிருந்து இசைக்கருவி பழுது பார்ப்பவன்